ஐஸ் செய்யத் தெரிந்த கடற்கரைக்கு ஐஸ் வைக்கத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தில் ஒரு பழைய பண்ணை மாளிகையின் தோப்புக்குள் இருக்கும் ஐஸ் கிடங்கைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படம் அருமை. மண்மேடு, அதன் மேல் புல், சுற்றிலும் பெரிய மரங்கள், மேட்டுக்குள் நுழைகிற ஒரு சின்னச் செங்கல் வாசல். ஆனால் எழுதியவர் அதைச் சீமான்களின் சொகுசு என்ற அளவோடு விட்டுவிட்டார். கோடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், ஒயினைக் குளிர வைத்தார்கள், பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, கிடங்கில் வௌவால் குடியேறியது, அவ்வளவுதான் கட்டுரை. நான் பாம்பன் பக்கம் ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டராக இருந்து ஓய்ந்தவன், கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதி போன ஆள். எனக்கு ஐஸ்கிரீம் பெரிதாகப் படவில்லை. ஜனவரியில் உள்ளே போட்ட ஐஸ் மறு குளிர்காலம் வரை இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாரே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கரண்ட் கிடையாது, குளிரூட்டும் அமோனியா கிடையாது, ஆனாலும் வருஷம் முழுக்க ஐஸ் இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் காலையில் லாரியிலிருந்து இறங்கும் ஐஸ் மத்தியான வெயிலுக்குள் தண்ணீராகித் தரையில் ஓடுகிறது, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் படகுக்காரர் காசு கொடுக்கிறார். அதனால் கட்டுரை விட்டுவிட்டதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

அந்த நாட்டில் இது 17-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். 1619-இல் கிரீனிச்சில் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்காக ஒன்று கட்டினார்கள், 1660-இல் இரண்டாம் சார்லஸ் லண்டனில் அரண்மனைப் பூங்காவில் ஒன்று கட்டினார், அதற்குப் பிறகு இருநூறு வருஷத்தில் பெரிய நிலக்கிழார் வீடென்றால் ஐஸ் கிடங்கும் இருக்கும் என்று ஆகிவிட்டது. குளிர்காலத்தில் பண்ணைக் குளமோ ஏரியோ உறைந்ததும் ஆட்களை இறக்கி, ஐஸை உடைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கிடங்கின் உள்ளே, முட்டை வடிவத்திலோ கீழே குறுகி மேலே அகன்ற வடிவத்திலோ செங்கல் கட்டிய ஆழமான குழி. மேலே குவிமாடம், குவிமாடத்தின் மேல் மண், மண்ணின் மேல் மரநிழல். வாசல் பெரும்பாலும் வடக்குப் பார்த்துதான் இருக்கும், ஏனென்றால் அந்த ஊர்ச் சூரியன் தெற்குச் சாய்வாகவே போகும். வாசலுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு நடை, அதில் இரண்டு மூன்று கதவுகள், கதவுகளுக்கு நடுவில் வைக்கோல் திணிப்பு, ஒன்றை மூடாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது. வந்த ஐஸை அப்படியே கொட்டிவிட மாட்டார்கள். கட்டையால் இடித்து நொறுக்கி, இடைவெளியே இல்லாமல் கெட்டித்து, ஒரே பாறையாக இறுகும்படி செய்வார்கள். குளத்து ஐஸ் என்பதால் சேறும் இலையும் கலந்திருக்கும், அதைத் தம்ளரில் போட முடியாது, பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிர்விக்கத்தான் ஆகும். இத்தனைக்கும் பொறுப்பு அந்த வீட்டுத் தோட்டக்காரர்கள் தலையில். விருந்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட துரையைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய கட்டுரை, உறைந்த குளத்தில் இறங்கியவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கட்டுரையில் வராத இன்னொன்று, குழியின் அடியில் இருக்கும் வடிகால். என்னைக் கேட்டால் மொத்தக் கட்டடத்திலும் மூளை அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு மூடி வைத்தாலும் கொஞ்சம் ஐஸ் உருகும், உருகிய தண்ணீர் தேங்கினால் மிச்ச ஐஸையும் தின்னும், வைக்கோலையும் நனைக்கும். வைக்கோல் சூட்டைத் தடுப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றினால். நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும், அப்புறம் அந்த வைக்கோல் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். சரி, அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை விட்டுவிடலாம் என்றால் அதிலும் வம்பு. குளிர்ந்த காற்று கனமானது, கீழே திறந்த ஓட்டை இருந்தால் அது வழியே வெளியே போய்விடும், அது போன இடத்துக்கு மேலேயிருந்து சூடான காற்று இறங்கும். அதனால் குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி வைத்தார்கள், நம் வீட்டுக் கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் இருக்குமே, அதே மாதிரி. தண்ணீர் வெளியேறும், காற்று மட்டும் அந்தப் பக்கமும் போகாது இந்தப் பக்கமும் வராது.

அடுத்தது அளவு. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருக வேண்டுமானால் அது வெளியிலிருந்து வாங்க வேண்டிய சூடு எவ்வளவு தெரியுமா, அதே ஒரு கிலோ தண்ணீரை 0-இலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றுகிற அளவு. லேசில் உருகுகிற பொருளே இல்லை அது. வெயில் படும் பரப்பைக் கூட்டிக் கூட்டி நாம்தான் அதை உருக்குகிறோம். பக்கத்துக்கு 1 மீட்டர் இருக்கிற ஒரு ஐஸ் சதுரக் கட்டிக்கு எடை 900 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டு வரும், பரப்பு 60 சதுர மீட்டராகிவிடும். ஐஸ் அதே ஐஸ்தான், சூடு நுழையும் வழி பத்து மடங்கு. அந்தத் தோட்டக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் இடித்துக் கெட்டித்து ஒரே பாறையாக்கியது இதற்காகத்தான்.

அது குளிர் தேசம், அங்கே நடக்கும், நம் வெயிலுக்கு ஆகாது என்று உடனே ஒருவர் சொல்வார். அவருக்கு மெட்ராஸ் ஐஸ் ஹவுஸைக் காட்ட வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடநாட்டில் ஐஸ் எடுக்கும் வழக்கம் பழையது. குளிர்கால ராத்திரியில் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, தட்டைகள் பரப்பிய பள்ளங்களில் வரிசையாக வைத்து, விடியுமுன் அதில் படர்ந்திருக்கும் ஐஸைச் சுரண்டி எடுப்பார்கள், அலகாபாத் பக்கம் பார்த்ததை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் லண்டனுக்கு எழுதியே வைத்திருக்கிறார். வானம் தெளிவாக, காற்று வறண்டு இருந்தால் தண்ணீரின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும், சுற்றியிருக்கும் காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும் தட்டில் ஐஸ் பிடிக்கும். நம் கரையில் ராத்திரியும் புழுக்கம், காற்றில் எப்போதும் ஈரம், இங்கே அது நடக்காது. ஆகவே தெற்கே ஐஸ் வந்தது கப்பலில்தான், அதுவும் அமெரிக்காவிலிருந்து.

பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர் 1806-இல் முதல் முதலாக மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் அனுப்பியபோது ஊரே சிரித்தது. தீவில் அதை வைக்கக் கிடங்கு இல்லாததால் உருகி நஷ்டமும் பட்டார். அங்கேதான் மனுஷன் பாடம் படித்தார், ஐஸை அனுப்புவதற்கு முன்னால் போய்ச் சேரும் இடத்தில் கிடங்கு வேண்டும் என்று. 1833-இல் டஸ்கனி என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றினார். நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி வர வேண்டும், வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. எதில் பொதிந்து அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள், மரத்தூள். அங்கே மரமில்லில் குப்பையாகக் கொட்டிக் கிடந்தது. நாதனியல் வையத் என்பவர் குதிரை பூட்டி ஏரி ஐஸை ஒரே அளவுச் சதுரங்களாக அறுக்கும் கருவியைச் செய்து கொடுத்ததால் கட்டிகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தின. மறுபடியும் அதே கதை, ஒரே பாறை, உலர்ந்த உறை, வடிகால்.

கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் கிடங்கு கட்டினார்கள், இன்றைக்கு மிஞ்சியிருப்பது மெட்ராஸில் 1840-களில் கட்டியது மட்டும். கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வளைந்த முகப்போடு நிற்கிறதே, அந்தப் பகுதிக்கே இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பேர். அந்தக் காலத்தில் மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கெல்லாம் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரும். மரினா மணல் இவ்வளவு அகலம் ஆனதும் துறைமுகம் கட்டிய பிறகுதான், அதற்கு முன்னால் கடல் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கிடங்கை ஏன் அங்கே கட்டினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை, படகிலிருந்து உள்ளே போகும் வரை ஐஸ் வெயிலில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கத்தான். மெட்ராஸ் வெயிலிலேயே மாதக்கணக்கில் அமெரிக்க ஐஸ் இருந்தது, அடுத்த கப்பல் வரும் வரை விற்றார்கள். 1874-இல் அதே ஊரில் நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி தொடங்கியதும் இந்த வியாபாரம் படுக்க ஆரம்பித்தது.

இதற்கும் எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். அந்தக் கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து வீடாக்கி, நீதிபதி கெர்னான் பேரில் கெர்னான் கோட்டை என்று வைத்தார். 1897 ஜனவரி 26-ஆம் தேதி கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் எங்கள் பாம்பன் குந்துகாலில் இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டார், மன்னரே வண்டியை இழுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் என்று போய் மெட்ராஸில் அவர் தங்கியது அந்த ஐஸ் கிடங்கில்தான், பிப்ரவரியில் ஒன்பது நாள். 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பேர் மாறியது. பேர் மாறியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அது அவருக்கு உரிய மரியாதை. ஆனால் எங்கள் குந்துகாலில் இப்போது அவருடைய நினைவிடமும் இருக்கிறது, மீன்பிடி இறங்குதளமும் இருக்கிறது, அதற்குத் தினமும் ஐஸ் போகிறது. நினைவிடத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இவர் தங்கியது ஐஸ் வைத்திருந்த வீடு, கரண்ட் இல்லாமல் அங்கே ஐஸ் எப்படி இருந்தது தெரியுமா என்று ஒரு வாத்தியார் கேட்டால் அரை நாள் பாடம் நடத்தலாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஐஸ் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் உப்பும் வெயிலும்தான் எல்லாம். பச்சை மீன் எவ்வளவு தூரம் தலையில் சுமந்து போக முடியுமோ அவ்வளவு தூரம் மீன், அதற்கு மேல் கருவாடு. விசைப்படகு வந்தது, இறால் ஏற்றுமதி வந்தது, கூடவே ஐஸ் பிளாண்ட் வந்தது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று பிளாண்ட் இல்லாத மீன்பிடி ஊர் இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே ஒரு பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி, அமோனியா அதை உறைநிலைக்கு நன்றாகக் கீழே இறக்கும், உப்பு இருப்பதால் அந்தத் தண்ணீர் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டின்களை இறக்கினால் கிட்டத்தட்ட ஒரு நாளில் நீளக் கட்டியாக உறைந்துவிடும், அதைத்தான் பார் என்போம், ஒரு பார் 50 கிலோ. எந்நேரமும் கம்ப்ரசர் ஓட வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், இந்த உப்பு மண்ணில் நல்ல தண்ணீருக்கே தனிப் பாடு. இவ்வளவு செலவு செய்து பிடித்த குளிரை வாசலைத் தாண்டியதும் என்ன செய்கிறோம் என்று பாருங்கள்.

லாரியில் மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய். இறங்குதளத்தில் தகரக் கொட்டகை, மத்தியானத்தில் அந்தத் தகரத்தைத் தொட்டால் கை சுடும், அதன் அனல் நேரே கீழே இருக்கும் ஐஸ் மேல் இறங்குகிறது. பார்களைச் சிமென்ட் தரையில் தனித்தனியாக உருட்டி விடுவார்கள், ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கினால் என்ன கை வலித்துவிடுமா. படகு கிளம்புவதற்கு வெகு நேரம் முன்னாலேயே கிரஷரில் போட்டுத் தூளாக்கி வைத்துவிடுவார்கள், அது பத்து மடங்குப் பரப்போடு உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்கும். கேட்டால் எல்லாரும் செய்வதுதானே என்பார்கள். விசைப்படகு வைத்திருக்கும் என் தங்கை மகனிடம் ஒரு தடவை கத்தினேன், அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, ஐஸ்னா உருகத்தான செய்யும், ரெண்டு பார் சேத்துப் போட்டாப் போச்சு" என்றான். ரெண்டு பார் சேர்த்துப் போட்டால் போச்சு என்று இந்தக் கரை முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் டீசலுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்றாக ஐஸ் வந்து நிற்கிறது.

மீன் கணக்கையும் பார்த்துவிடலாம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்கக் கிட்டத்தட்ட 300 கிராம் ஐஸ் போதும், கொஞ்சம் கூடக் குறைய. ஆனால் நம் மாதிரிச் சூடான ஊருக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று மீன்வளத்துறைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். தப்பில்லை, அப்படித்தான் போட வேண்டும். ஆனால் மீதி 700 கிராம் எங்கே போகிறது, பெட்டிச் சுவர் வழியாக, மூடி வழியாக, வெயிலுக்குப் போகிறது. அதாவது நாம் வாங்கும் ஐஸில் பெரும்பங்கு மீனைக் குளிர்விக்க இல்லை, ராமநாதபுரத்து வெயிலைக் குளிர்விக்கத்தான். பெட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் அதைத் துணி வைத்து அடைத்துவிடுகிற பழக்கம் வேறு, தண்ணீர் ஒழுகிப் படகு அசிங்கமாகிறதாம். உருகும் தண்ணீர் மீனைக் கழுவிக்கொண்டே வெளியே போக வேண்டும், அதுதான் ஐஸின் பாதி வேலை. ரத்தமும் கசடும் கலந்த தண்ணீரில் ஊறினால் அடியில் இருக்கும் சூடை மீனும் கணவாயும் ஏலத்துக்கு வரும்போது என்ன விலைக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்துக் கிடங்கு செய்த உண்மையான வேலை குளிர்காலத்தையும் கோடையையும் இணைத்தது. ஐஸ் கிடைக்கும் காலம் ஒன்று, தேவைப்படும் காலம் வேறு. எங்களுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்குத் தேவையான கொஞ்சத்தைத் தவிர பிளாண்டுகள் படுத்திருக்கும். தடை முடிகிற அன்றைக்கு ஒரே ராத்திரியில் அத்தனை படகும் ஐஸ் கேட்கும். எந்தப் பிளாண்டாலும் அதைக் கொடுக்க முடியாது, டின் எத்தனை இருக்கிறதோ அத்தனை பார்தான் ஒரு நாளைக்கு வரும். வரிசை, சண்டை, விலை ஏற்றம், முழுதாக உறையாத, நடுவில் தண்ணீர் ஆடுகிற பாரை எடுத்துக் கொடுப்பது, எல்லாம் நடக்கும். நானே அந்த மாதிரிப் பாரை எடுத்துக் கொடுக்கும்படி உத்தரவு வாங்கியிருக்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சாதாரண நாளிலும் ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், நடு நாட்களில் தேவை விழுந்துவிடும். புயல் சின்னம் என்று, கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனை நிறுத்தினால் செய்து வைத்த ஐஸ் அப்படியே கிடக்கும். தேவை ஏறி இறங்குகிற இடத்தில்தான் கிடங்கு வேண்டும். ஒரு பத்துப் பதினைந்து நாள் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்க ஓர் அறை இருந்தால் ஜூன் 14 ராத்திரி இவ்வளவு கூத்து தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இறங்குதளம் கட்டும்போது ஏலக்கூடம், வலை பின்னும் கொட்டகை, கழிப்பறை எல்லாம் போடுகிறார்கள், கூடவே ஓர் ஐஸ் அறையும் போடட்டும். இங்கிலாந்து மாதிரிக் குழி வெட்ட முடியாது, எங்கள் மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அதுவும் உப்புத் தண்ணீர். மெட்ராஸ் கிடங்கு மாதிரித் தரைக்கு மேலேயே கட்டலாம். இரட்டைச் சுவர், நடுவில் உமி. உமிக்கு எங்கேயும் போக வேண்டாம், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை பக்கம் நெல்லுக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் சர்பத் கடைக்காரர் மரப்பெட்டியில் உமியைக் கொட்டி, சாக்கில் சுற்றிய ஐஸைப் புதைத்து, நாள் முழுக்க வைத்துக்கொண்டு நன்னாரி சர்பத் விற்றாரே, அவருக்கு இருந்த விவரம் இன்றைக்கு இல்லை. ஒன்றே ஒன்று, கடல்காற்றில் உமி ஈரம் இழுக்கும், பூஞ்சை பிடிக்கும், அதனால் கெட்டி பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டித்தான் சுவருக்குள் இறக்க வேண்டும். காசு இருந்தால் உமிக்குப் பதில் குளிர்பதன அறைகளுக்குப் போடும் நுரைப் பலகையே போடலாம், அதற்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் தகடு நல்லதாக இருக்க வேண்டும், சாதாரணத் தகடு எங்கள் உப்புக் காற்றில் சீக்கிரமே அரித்துப் போகும்.

கூரைக்கு மேல் இன்னொரு கூரை, பனை ஓலையானாலும் சரி, நடுவில் காற்று போக இடம் விட்டு. வாசலில் ஒரு சின்ன நடை, இரண்டு கதவு. பார்களைச் சுவரிலிருந்து விலக்கி, மரச்சட்டத்தின் மேல், ஒன்றோடொன்று ஒட்டி அடுக்க வேண்டும், தூளாக்கும் கிரஷர் அறைக்கு வெளியே, படகு கிளம்பும் நேரத்துக்கு மட்டும். தரை சரிவாக, சரிவின் கடைசியில் அந்த வளைவுக் குழாய்.

இதற்குக் கரண்ட் போட்ட குளிர்பதன அறையே கட்டிவிடலாமே என்பார்கள். கட்டட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டி, திறந்து, போட்டோ எடுத்து, அப்புறம் கரண்ட் பில் யார் கட்டுவது என்ற தகராறில் பூட்டிக் கிடக்கும் அறையை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்வதில் ஓடுகிற மிஷின் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் ஐஸே அறையைக் குளிர வைத்துக்கொள்ளும், கொஞ்சம் உருகும், அந்த உருகலைக் குறைப்பதுதான் மொத்த வேலையும். பின்னால் வசதி வந்தால் அதே அறையில் ஒரு சின்னக் குளிர்பதன மிஷினை மாட்டிக்கொள்ளலாம், அது பெரிய மிஷினாகவும் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி, இது சும்மா ஆர்வத்துக்கு. லண்டனில் ரீஜன்ட்ஸ் பார்க் பக்கத்தில் 2018-இல் வீடு கட்டத் தோண்டும்போது 1780-களில் கட்டிய ஐஸ் கிணறு ஒன்று முழுதாகக் கிடைத்தது. 7.5 மீட்டர் அகலம், 9.5 மீட்டர் ஆழம். மேலே இருந்த வீடுகள் இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து போயின, செங்கல் கிணறு அப்படியே இருந்தது. 1822-இல் வில்லியம் லெஃப்ட்விச் என்ற வியாபாரி நார்வேயிலிருந்து 300 டன் ஐஸ் கொண்டுவந்து இந்தக் கிணற்றைப் பயன்படுத்தித்தான் ஊருக்கு விற்றார். உங்கள் கட்டுரை சொன்ன மாதிரி எல்லாமே பிரபு வீட்டுச் சொகுசாக இருந்துவிடவில்லை, கடை நடத்தியவர்களும் இதை வைத்துப் பிழைத்தார்கள். வௌவால் விஷயமும் சரிதான், அந்த நாட்டில் வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பழைய கிடங்குகளை அதற்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள், குளிர்காலம் முழுக்க அது உள்ளே தூங்கும்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், பக்கத்து இறங்குதளம் ஒன்றில் புதுக் கொட்டகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், வரைபடத்தில் ஐஸுக்கு என்று ஒரு சதுர அடி கிடையாது. அஸ்திவாரம் போட்ட பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். மீன்வளத்துறைப் பொறியாளர்கள் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் ஒரே ஒரு தளத்தில், ஒரே ஓர் அறை, சோதனைக்குக் கட்டிப் பார்க்கட்டும். உள்ளே போகும் பாரையும் வெளியே வரும் பாரையும் எடை போட்டு எழுதி வைக்க ஓர் ஆள் போதும், பத்து நாளில் தெரிந்துவிடும் லாபமா நஷ்டமா என்று. சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டால் எடை போடும் வேலையை நானே சம்பளம் இல்லாமல் செய்கிறேன், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் சரி.

கடிதத்தோடு கையால் வரைந்த ஒரு படம் வைத்திருக்கிறேன், கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அச்சில் போட முடியாவிட்டாலும் யாராவது கேட்டு வந்தால் நகல் எடுத்துக் கொடுங்கள். அளவுகளை அவரவர் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம், வடிகால் வளைவை மட்டும் செலவு மிச்சம் என்று நீக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர்,
பாம்பன்.